மீசைக்குக் கீழே மூன்று மில்லிமீட்டர்

உலகத்தில் நேரான முகம் என்று ஒன்று கிடையாது. இதைச் சொல்வது தத்துவப் பேராசிரியர் அல்ல, இரண்டு நாற்காலி போட்ட சலூன் ஒன்றின் சொந்தக்காரர். இருபத்தாறு வருடமாக ஊரார் தலைகளை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தவர் என்பதால் அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. எல்லாருக்கும் ஒரு காது ஏறியிருக்கும், இன்னொன்று இறங்கியிருக்கும். காதை வைத்துக் கிருதாவை அளந்தால் கிருதா கோணலாகிவிடும். கிருதாவை நேராக வெட்டினாலோ, காது கோணல் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அழகான பொய்யைக் கத்தரியால் சொல்லத் தெரிந்தவன்தான் தொழில்காரன் என்பது அவர் கட்சி.

அவரிடம் முடி வெட்டிக்கொள்ளும் நீதிபதியின் முகவாய் எப்போதும் வாதியின் பக்கம் சாய்ந்திருக்கும். கணக்கு வாத்தியாரின் இரண்டு புருவமும் சமமில்லை. பெயர் சொல்லாமல் இதையெல்லாம் அடுத்த வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவார். பெயர் இல்லாததால் கேட்கிற ஒவ்வொருவரும் தன் முகவாயைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வந்ததற்கு விளக்கம் தேவையில்லை. காலையில் ஷட்டர் தூக்கும்போது தொடங்கும், இரவு ஷட்டர் இறங்கும்போது நிற்கும். இடையில் விளம்பரம்கூடக் கிடையாது. இரண்டாவது நாற்காலியில் வேலை பார்ப்பவர் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. நாளுக்குப் பன்னிரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அந்தப் பன்னிரண்டையும் சேமித்து வைத்து, தன் மாமாவின் மேல்தான் செலவழிப்பார்.

இத்தனை முகங்களின் கோணலைக் கண்டுபிடித்த ரேடியோவின் சொந்த முகத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு மீசை இருந்தது. அதற்குப் பின்னால் வண்டி வண்டியாக ரகசியம் இருந்தது. ஓர் ஆணி கழன்ற கடைப் பலகை ஒரு பக்கம் தொங்குமே, அந்த மாதிரி அவருடைய மேல்வரிசைப் பற்கள் வலப்பக்கம் தொங்கின. சிரித்தால் வலப்பக்கம் பல் அதிகமாகவும் இடப்பக்கம் கஞ்சத்தனமாகவும் தெரியும். ஆகவே மீசையின் வலப்பாதியை ஒரு நூல் அளவு கீழே இறக்கியே வைத்திருந்தார். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ஒரு சிரிப்பு. மீசைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரே அளவு பல் தெரிகிறதா? இல்லையென்றால் நுனியில் ஒரு வெட்டு. அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னாலேயே வளர்ந்துவிட்ட மீசை. அவர் மனைவி கட்டிக்கொண்டதே அந்த மீசையைத்தான். உதட்டை அவர் பார்த்ததே இல்லை.

மீசையால் மறைக்க முடியாத ஓர் இடம் உண்டு. அது கடைவாய்.

வலப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டது. பல் டாக்டர் மேலே ஒரு மூடி போட்டார். நாலாவது மாதம் ஒரு பிஸ்கட்டோடு அதுவும் போனது. இரண்டாவது மூடி போட்டார். இந்தத் தடவை வாயில் எதுவுமே இல்லை. கணக்கு வாத்தியாரின் பின்கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, நகராட்சியைப் பற்றிய ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவே இருந்தார். வினைச்சொல் வருவதற்குள் மூடி உடைந்தது.

“மூணாவதும் போடலாம்,” என்றார் பல் டாக்டர். “அதுவும் உடையும். தப்பு பல்லுல இல்ல, நீங்க கடிக்கிற விதத்துல. மாடியில பல்லுக்குக் கம்பி கட்டுற டாக்டர் இருக்காங்க. போய்ப் பாருங்க.”

கம்பி டாக்டர் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட பெண்மணி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் ரகம். இந்த ரகத்திடம் தனியாகப் போக ரேடியோவுக்குத் துணிவில்லை. கடை விடுமுறை நாளாகப் பார்த்து, துணைக்கு மச்சானைக் கூட்டிப்போயிருந்தார்.

“வாயை மூடிக் காட்டுங்க சார்,” என்றார் டாக்டர்.

“டாக்டர், எடுத்த எடுப்புல கஷ்டமானதைச் சொல்றீங்களே,” என்றார் மச்சான். அன்றைய கணக்கில் அவருக்குக் கிட்டத்தட்டப் பாதி காலி.

எக்ஸ்ரே எடுத்தார்கள். வாயின் அச்சு எடுத்தார்கள். நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சி ஒன்றைக் குறுக்காகப் பல்லால் கடிக்கச் சொல்லி ஒரு படம் பிடித்தார்கள். படத்தில் குச்சி, ஒரு தட்டில் மட்டும் பாரம் ஏற்றிய தராசுத் தண்டு மாதிரி வலப்பக்கம் சரிந்து நின்றது.

“மேல்வரிசை வலப்பக்கம் மூணு மில்லிமீட்டர் இறங்கியிருக்கு,” என்றார் டாக்டர். “நீங்க கடிக்கும்போது அது முதல்ல போய் இடிக்குது. இடிச்சதும் கீழ்த்தாடை ஒதுங்கி இடப்பக்கம் போகுது. பாரம் எல்லாம் அந்த ஒரு பல்லு மேல விழுது. அது எத்தனை நாள்தான் தாங்கும்?”

“இதுக்கு என்ன பண்றது டாக்டரம்மா?”

“ரெண்டு வழி. ஒண்ணு ஆபரேஷன். மேல்தாடை எலும்பை வெட்டி, நேரா வச்சுத் திரும்பப் பூட்டிடுவாங்க. நல்ல வழிதான், பயப்பட வேணாம். ஆனா அதுக்கப்புறம் ஆறு வாரம் ரெண்டு தாடையையும் சேர்த்து ரப்பர் போட்டுக் கட்டி வைக்கணும்.”

“கட்டி வைக்கிறதுன்னா?”

“கட்டித்தான். கஞ்சி, ஜூஸ் மட்டும்.”

“பேச்சு?”

“எழுதிக் காட்டலாம்.”

ரேடியோ மச்சானைத் திரும்பிப் பார்த்தார்.

“அதையே பண்ணிடலாம் டாக்டர்,” என்றார் மச்சான்.

இது சிரிக்கிற விஷயம் மச்சானுக்கு. ரேடியோவுக்கு அல்ல. சலூனுக்கு எதிரே புதிதாக ஒரு சலூன் திறந்திருந்தார்கள். குளிரூட்டிய அறை, சுவர் முழுக்க டிவி, தலையைத் தேய்க்க ஓர் இயந்திரம். அப்படியிருந்தும் பழைய வாடிக்கையாளர்கள் தெருவைக் கடக்காததற்கு ஒரே காரணம், இந்தப் பக்கம் இருந்த வாய். முடி யார் வேண்டுமானாலும் வெட்டுவார்கள். ஊமையாக ஆறு வாரம் வெட்டினால் இவருக்கும் எதிர்க்கடை டிவிக்கும் என்ன வித்தியாசம்? டிவியாவது பேசும்.

“அந்த ரெண்டாவது வழி?” என்றார். குரல் பாதியாகியிருந்தது.

“ஸ்க்ரூ. ஈறு வழியா எலும்புல சின்னதா ரெண்டு ஸ்க்ரூ வைப்போம். கன்னத்துப் பக்கம் ஒண்ணு, அண்ணத்துல ஒண்ணு. அதுலேர்ந்து ரப்பர் சங்கிலி போட்டு, தொங்குற பல்லுங்களை மெதுவா மேலே தூக்குவோம்.”

“பக்கத்துப் பல்லுல கட்டி இழுக்கலாமே? எதுக்கு எலும்புல போய் ஓட்டை?”

“பல்லைப் பிடிச்சுப் பல்லை இழுத்தா, ரெண்டும்தான் நகரும் சார். தொங்குறது மேலே போறதுக்குள்ள நல்ல பல்லு கீழே வந்துடும். பிடிமானம் அசையக் கூடாது. எலும்புல இருக்கிற ஸ்க்ரூ அசையாது.”

ரேடியோ யோசித்தார். வலது கை தானாகக் காற்றில் ஒரு சவரக்கத்தியைப் பிடித்தது. இடது கட்டைவிரல் இல்லாத ஒரு கன்னத்தை அழுத்தியது.

“கத்தி போடறப்ப இந்த விரலால தோலை இழுத்துப் பிடிப்போம். இது அசைஞ்சா கத்தி கீறிடும். வேலை செய்யறது கத்தி, ஆனா வேலையை நடத்துறது இந்த விரல். உங்களுக்கு வாய்க்குள்ள அசையாத விரல் ஒண்ணு வேணும்ங்கறீங்க.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “இதை எங்களுக்கு மூணு வருஷம் சொல்லிக்குடுத்தாங்க சார். இவ்வளவு சுருக்கமா சொல்லல.”

இருபத்தாறு வருடத்தில் ரேடியோவைச் சுருக்கமானவர் என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். அந்த ஒரு வார்த்தைக்காகவே ரேடியோ ஸ்க்ரூவுக்குத் தலையாட்டிவிட்டார் என்று மச்சான் இன்றும் சொல்கிறார்.

நிபந்தனை ஒன்று இருந்தது. “எலும்புக் கோணல் உங்களுக்குக் கொஞ்சம்தான், அதனால இதை முயற்சி பண்றேன். எட்டு மாசம் பார்ப்போம். அதுக்குள்ள போதுமான அளவு ஏறலைன்னா ஆபரேஷனுக்கு எழுதிக் குடுத்துடுவேன். சரியா?”

சரி என்றார். வேறு என்ன சொல்வார்?

முதலில் பற்களுக்குக் கம்பி. அதற்கப்புறம் ஸ்க்ரூ. மரத்துப்போகும் ஊசி ஒன்று போட்டுவிட்டு, கைப்பிடி வைத்த குட்டித் திருப்புளியால் டாக்டர் மெதுவாகத் திருகினார். ஸ்க்ரூ எட்டு மில்லிமீட்டர் நீளம், பென்சில் முனை கனம். வலிக்கவில்லை, அழுத்தம் மட்டும் தெரிந்தது. ரேடியோவின் கண்கள் டாக்டரின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. கருவியைப் பிடிக்கிற கையைப் பார்த்து ஆளை எடை போடுவது அவர் தொழில் புத்தி. வாயைத் திறக்கும் உரிமை திரும்பக் கிடைத்ததும் சொன்னார்: “நல்ல கை டாக்டரம்மா. எங்க கடைக்கு வந்திருந்தா மூணாவது நாற்காலி போட்டிருப்பேன்.”

அண்ணத்தில் ஒரு திருகு இருந்ததால் சில நாள் ஒலிபரப்பில் கரகரப்பு இருந்தது. ‘ச’ எல்லாம் வழுக்கின. கணக்கு வாத்தியார் மட்டும், இப்போதுதான் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார், புரிகிறது என்றார்.

மூன்றாவது வாரம் கன்னத்துப் பக்க ஸ்க்ரூ ஆடத் தொடங்கியது. நூறில் பத்துப் பதினைந்து இப்படி ஆடும், வேறு இடத்தில் போட்டுவிடலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. வீட்டில் வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அவருடைய மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்பவர். எந்த வண்டி எந்த நடைமேடை என்று நாள் முழுக்கப் பேசிவிட்டு வருவதால் வீட்டில் அளந்துதான் பேசுவார்.

“என்னாச்சுங்க?”

“ஸ்க்ரூ லூசாயிடுச்சு.”

“உங்களுக்கு மறை கழண்டது எனக்குப் பதினெட்டு வருஷமாத் தெரியும். டாக்டருக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. போய் மாட்டிக்கிட்டு வாங்க.”

புது இடத்தில் போட்ட ஸ்க்ரூ நின்றது. கெட்டியாகவே நின்றது. மாதம் ஒரு தடவை மாடி ஏறுவார், டாக்டர் ரப்பர் சங்கிலியை மாற்றுவார், “நகருது சார்” என்பார், இவர் இறங்கிவருவார்.

ஆனால் கண்ணாடியில் எதுவும் நகரவில்லை.

இரண்டாம் மாதம் பார்த்தார். அதே சிரிப்பு. நான்காம் மாதம் பார்த்தார். அதே. சலூன்காரனுக்கு முன்னால் நாள் முழுக்கக் கண்ணாடி. வாடிக்கையாளரின் தலைக்கு மேலே தன் முகம் தினமும் பத்து மணி நேரம் நிற்கிறது. ஒரு நூல் மாறினாலும் தெரிந்துவிடாதா? மனைவியிடம் கேட்டார். “நேத்து மாதிரியேதான் இருக்கீங்க” என்றார். மச்சானைக் கேட்டார். மச்சான் தன் கத்தரியை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்து, “சிரிப்பு அப்படியே இருக்கு மாமா. கடன்காரனைப் பார்த்த மாதிரி” என்றார்.

டாக்டர் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று ரேடியோ முடிவுகட்டிவிட்டார். இவரும் அப்படித்தானே? வழுக்கை விழுகிறவர்களிடம் “முன்னைக்கு இப்ப பரவால்ல” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். தொழில் தர்மம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று நினைத்தார்.

ஏழாம் மாதம் வந்தது. அடுத்த மாதம் எட்டு. எட்டு என்றால் ரப்பர் கட்டு, கஞ்சி, எழுதிக் காட்டும் பலகை. அந்த வாரம் எதிர்க்கடையில் நீதிபதி உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தார். சும்மா, டிவியில் ஏதோ ஆட்டம் பார்க்கப் போனாராம். இருக்கலாம். ஆனால் அன்றைக்கு ரேடியோ சாயங்காலம் வரை ஒலிபரப்பவில்லை. அன்று மட்டும் மச்சானே இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேச வேண்டியிருந்தது: “என்ன மாமா?”

மறுநாள் மாடி ஏறினார். உட்காரக்கூட இல்லை.

“ஸ்க்ரூவைக் கழட்டிடுங்க டாக்டரம்மா. கம்பியையும். ஆபரேஷனும் வேணாம். அந்தப் பல்லு உடையட்டும், பிடுங்கிக்கிறேன். அடுத்த பல்லும் உடையட்டும். வாயைக் கட்டிட்டு என்னால இருக்க முடியாது.”

“ஏன் சார்? நல்லா ஏறிட்டு இருக்கே.”

“நீங்க நல்லவங்க, அதனால சொல்றீங்க. நான் கண்ணாடிக்காரன். தினம் பார்க்கிறேன். ஒரு மயிரிழை மாறல.”

டாக்டர் வாதாடவில்லை. ஒரு மரக்குச்சியை எடுத்துக் குறுக்காகக் கடிக்கச் சொன்னார். படம் பிடித்தார். கணினித் திரையில் முதல்நாள் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் படத்தில் குச்சி வலப்பக்கம் சரிந்திருந்தது. இன்றைய படத்தில் கிட்டத்தட்டப் படுக்கை வசத்தில், நேர் மட்டமாக இருந்தது.

ரேடியோ பார்த்தார். நம்பவில்லை. குச்சியை எப்படி வேண்டுமானாலும் கடிக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது டாக்டர் திரையில் வேறொரு இடத்தில் விரலை வைத்தார்.

“சார், மீசையை எப்ப மாத்தினீங்க?”

“மாத்தலையே. இருபது வருஷமா ஒரே மீசைதான்.”

“அப்ப இது யாரோடது?”

பல்லைப் பற்றி ரேடியோவிடம் யார் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். மீசையைப் பற்றி அவரிடம் பொய் சொல்ல முடியாது. நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்கு மூக்கு இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தார். முதல் படத்தில் வலது மீசை நன்றாகக் கீழே இறங்கி, பல்லை மூடிக்கொண்டு நின்றது. இன்றைய படத்தில் இடதும் வலதும் ஏறக்குறைய ஒரே மட்டம். கத்தரியின் தடம் அவருடையதேதான். வெட்டின சாய்வைப் பார்த்தாலே கை யாருடையது என்று தெரியும்.

ஒவ்வொரு நாள் காலையும் வலப்பக்கப் பல் ஒரு தூசி அளவு மேலே ஏறியிருக்கிறது. சிரித்துப் பார்த்தபோது வலப்பக்கம் ஒரு தூசி அளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது. கை சும்மா இருக்குமா? மூளையைக் கேட்காமலேயே மீசை நுனியை ஒரு தூசி அளவு வெட்டி, இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிட்டு, “பார், அதே சிரிப்பு” என்று காட்டியிருக்கிறது. டாக்டர் பல்லை நிமிர்த்திக்கொண்டே வர, இவர் அதை மறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஏழு மாதம். இருநூறு காலை. உலகத்துக்கே அழகான பொய் சொன்ன கத்தரி, கடைசியில் சொந்த முதலாளியையே ஏமாற்றிவிட்டது.

“மொத்தம் எவ்வளவு வெட்டியிருக்கேன்?” என்றார்.

டாக்டர் அளந்தார். “ரெண்டேகால் மில்லிமீட்டர். உங்க பல்லு ஏறினது எவ்வளவு தெரியுமா?”

“ரெண்டேகால்.”

“ரெண்டேகால்.”

ரேடியோ விரல் விட்டுக் கணக்குப் போட்டுவிட்டுக் கேட்டார்: “இன்னும் முக்கால் பாக்கி. ஒரு மாசத்துல ஏறுமா?”

“முழுசா ஏற வேணாம். நான் கேட்டது போதுமான அளவு. வர்ற மாசம் பார்ப்போம். ஒண்ணே ஒண்ணு, சிரிச்சுப் பார்த்து மீசை வெட்டாதீங்க. ஸ்கேல் வச்சு வெட்டுங்க.”

ஒரு மாதம் சலூனில் அந்த வேடிக்கை நடந்தது. காலையில் மாமா கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார், மச்சான் பள்ளிக்கூட ஸ்கேலை மூக்குக்குக் கீழே வைத்து நேர்க்கோட்டில் வெட்டுவார். மீசை நன்றாக இல்லை. ஆனால் உண்மை பேசியது. மீசையை எடுத்துவிடச் சிலர் சொன்னார்கள். “எதுக்கு? அது குற்றவாளி இல்ல, சாட்சி” என்று சொல்லிவிட்டார்.

எட்டாம் மாதத்து நாள் வந்தது. மச்சானும் கூடப் போனார். கடையைச் சாத்திவிட்டுப் போனார்கள், இருபத்தாறு வருடத்தில் வேலை நாளில் முதல் தடவையாக.

டாக்டர் குச்சி வைத்துப் பார்த்தார். அளவுகோல் வைத்துப் பார்த்தார். பல் அழுந்துகிற இடத்தில் சாயம் ஒட்டும் நீலக் காகிதத் துண்டு ஒன்றை இரண்டு கடைவாயிலும் வைத்துக் கடிக்கச் சொன்னார். முதல்நாள் இந்தக் காகிதம் வலப்பக்கம் ஒரே ஒரு பல்லில் மட்டும் நீலத்தைக் கொட்டியிருந்தது. இப்போது இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு, சின்னச் சின்னப் புள்ளிகளாக விழுந்திருந்தன. கீழ்த்தாடை ஒதுங்கவில்லை. நேராக வந்து நேராக உட்கார்ந்தது.

“ஆபரேஷன் வேணாம் சார்,” என்றார் டாக்டர். “ஸ்க்ரூ மட்டும் இன்னும் சில மாசம் இருக்கட்டும், பல்லு திரும்ப இறங்காம இருக்க. அப்புறம் கழட்டிடலாம். கீழே போய் மூணாவது மூடியைப் போட்டுக்கோங்க. இந்தத் தடவை உடையாது.”



டாக்டர் காத்திருந்தார். மச்சான் காத்திருந்தார். ரேடியோவின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை.

“டாக்டர்,” என்றார் மச்சான், உண்மையிலேயே பதறிப்போய், “ரேடியோ நின்னுபோச்சு!”

முழுதாக ஒரு நிமிடம் நின்றிருந்தது. அதற்கப்புறம் தொடங்கியது. டாக்டரின் கைக்கு, அவர் படித்த கல்லூரிக்கு, ஸ்க்ரூ கடைந்தவனுக்கு, வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த ஐந்து பேருக்கு, லிஃப்டுக்கு என்று வரிசையாக நன்றி. கீழே மூடி போட்ட பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே பாதிக் கதை சொன்னார். வெளியே வந்ததும், “மாப்ள, நீ போய்க் கடையைத் திற” என்று சொல்லிவிட்டு நேரே பேருந்து நிலையத்துக்கு நடந்தார்.

அறிவிப்பு அறை கண்ணாடி போட்ட கூண்டு. உள்ளே அவர் மனைவி ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து, மூன்றாம் நடைமேடை வண்டி தாமதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினான்கு வருட வேலையில் ஒரு வார்த்தை பிசகாதவர். கண்ணாடிக்கு வெளியே கணவர் வந்து நின்றார். ஸ்கேல் வைத்து வெட்டிய அந்த அசிங்கமான மீசைக்குக் கீழே, காது வரைக்கும் சிரித்தார்.

மனைவி பார்த்தார். இடது பார்த்தார், வலது பார்த்தார். எழுந்து கண்ணாடியருகே வந்து இன்னொரு தடவை பார்த்தார். ஒலிவாங்கியின் விசையை அணைக்க வேண்டும் என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

“ஏங்க! நேரா இருக்குங்க!”

ஆறு நடைமேடையிலும் அது தெளிவாகக் கேட்டது. மூட்டையோடு நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஓர் ஓட்டுநர் தன் வண்டி கோட்டுக்குள் நிற்கிறதா என்று தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். வண்டி தாமதத்தில் கடுகடுப்பாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் நின்ற ரேடியோவிடம், “என்னப்பா, எது நேரா இருக்காம்?” என்று கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. அவருடைய வண்டி வந்து, நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, போயே போய்விட்டது. ரேடியோ அப்போதுதான் முதல் எக்ஸ்ரேவுக்கு வந்திருந்தார்.